ஒத்தைக்கு ஒத்தை

அவர் என்னிடம் ஒரு முறைகூட ஏன் குடித்தாய் என்று கேட்டதில்லை. என் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

மனைவி கேட்டிருக்கிறாள், மச்சான் கேட்டிருக்கிறான், வேலையிடத்து சூப்பர்வைசர் கேட்டிருக்கிறார், மாரியம்மன் கோயில் பூசாரிகூடக் கேட்டுவிட்டார். குடிகாரனைக் கண்டால் வழியில் போகிறவனும் ஓசியில் கேட்டுவிட்டுப் போகிற கேள்வி அது. கேட்பதற்கென்றே படித்துப் பட்டம் வாங்கி வந்த ஒருவர் அதை விட்டுவிட்டு, நேற்று மத்தியானம் சோற்றுக்கு என்ன கறி, உப்பு சரியாக இருந்ததா என்று விசாரித்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வரும். செனாவாங்கில் ஒரு தொழிற்சாலை வாசலில் எனக்கு ஜாகா வேலை, காவல்காரன். வேலை முடிந்து வெளியே போகிறவர்களின் பையைத் திறந்து பார்த்து அனுப்ப வேண்டும். பதினாறு வருடம் அடுத்தவர் பைக்குள் பார்த்தே பிழைத்தவன் மனிதர்களை வேறு எப்படிப் பார்ப்பான்? முறைத்துக்கொண்டு பையை நீட்டுகிறவனை அதிகம் சோதிக்க வேண்டியதில்லை. சிரித்துக்கொண்டு தானாகத் திறந்து காட்டுகிறவனைத்தான் இரண்டு தரம் பார்க்க வேண்டும். அவர் இரண்டாவது வகை என்று முதல் நாளே முடிவு கட்டிவிட்டேன்.

பெயர் வேண்டாம். நாங்கள் எல்லோரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டோம். அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, கழுத்தளவுக்குக் கத்தரித்த நரைமுடி. ஆண்கள் கட்டுகிற பெரிய கைக்கடிகாரத்தை முகப்பு உள்பக்கம் வருகிற மாதிரி கட்டியிருப்பார். அவர் மணி பார்ப்பது நமக்குத் தெரியாது. இதையும் நான் குறித்து வைத்துக்கொண்டேன்.

அந்த இல்லம் கோலா பிலாவுக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே திரும்பி, செம்பனைக்கு நடுவே மண்பாதையில் போனால் வரும். ஒரு காலத்தில் அது தோட்டத்துப் பெரிய கிராணியின் வீடு. கிராணி என்றால் தோட்டத்து ஆபீசில் எழுதுகிறவர். யாருக்கு அன்றைக்குப் பேர், அதாவது ஒருநாள் கூலி, உண்டு, யாருக்கு இல்லை என்பது அவர் பேனாவில் இருந்தது. இப்போது ஏதோ ஒரு அறக்கட்டளை அதை எடுத்து, குடியை விட வந்தவர்களைத் தங்கவைத்திருந்தது. நாங்கள் பன்னிரண்டு பேர். மூன்று மாதம் இருக்க வேண்டும். காலையில் தோட்ட வேலை, மத்தியானம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசுவது, வாரத்தில் இரண்டு நாள் ஒவ்வொருவரும் மிஸ்ஸோடு தனியாக முக்கால் மணி நேரம். இந்தத் தனிப் பேச்சுக்கு நாங்கள் வைத்த பேர் ஒத்தைக்கு ஒத்தை. சம்சுச் சாராயக் கடை வாசலில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வாடா ஒத்தைக்கு ஒத்தை என்று சவடால் விட்டவர்கள்தானே எல்லோரும். இங்கே ஒல்லியான ஒரு பெண்மணியின் முன்னால் உட்கார முறை வந்தால், நீ முதலில் போ என்று ஒருவரை ஒருவர் தள்ளினோம்.

பேசும் அறை வீட்டின் பின்கட்டில் இருந்தது. கதவு எப்போதும் பாதி திறந்திருக்கும். அப்படியானால் வெளியே கேட்குமே என்று நினைத்தால், வராந்தாவில் ஒரு பழைய ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு வருவார். மலாய்ச் செய்தியோ பாட்டோ ஏதோ ஒன்று கத்திக்கொண்டிருக்கும். உள்ளே பேசுவது வராந்தாவில் நிற்பவனுக்குக் கேட்காது. நானே இரண்டு முறை நின்று பார்த்திருக்கிறேன். இத்தனை ஏற்பாடு எதற்கு என்று மனதுக்குள் குடைந்தது. மறைக்க ஒன்றும் இல்லாதவர் ரேடியோவை ஏன் வைக்க வேண்டும்?

ஒவ்வொருவரிடமும் அவர் ஒவ்வொரு மாதிரி நடந்துகொண்டதும் எனக்குப் பிடிக்கவில்லை. என் கட்டிலுக்கு அடுத்த கட்டில்காரர் முன்பு தோட்டத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்தவர். இல்லத்திலும் அவருக்கு மண்டோர் என்றே பேர். அவரை மிஸ் அறையில் உட்காரவைக்கவே மாட்டார். செம்பனை வரிசைக்குள் கூட்டிப்போய் நடந்துகொண்டே பேசுவார். தெமியாங்கிலிருந்து வந்த ஒரு வங்கிக்காரர் இருந்தார். அவரைத் தன் பழைய காரின் முன்சீட்டில் உட்காரவைத்து, எஞ்சினை அணைத்துவிட்டு, இருவரும் முன் கண்ணாடியைப் பார்த்தபடி பேசுவார்கள். வேறொருவரோடு கேரம் ஆடினார். எனக்கு மட்டும் ஒரு தட்டு நிறைய தவுகே. முளைவிட்ட பயறு. ஒவ்வொன்றாக எடுத்து வாலைக் கிள்ளிப் போட வேண்டும். அவரும் எதிரே உட்கார்ந்து கிள்ளுவார்.

சமையலறை வேலையை என் தலையில் கட்டுகிறார் என்று மண்டோரிடம் புலம்பினேன். அடுத்த முறை மிஸ்ஸிடமே கேட்டுவிட்டேன். எல்லாருக்கும் ஒவ்வொரு விதமா செய்றீங்க, எனக்கு மட்டும் ஏன் இந்த வேலை என்று. அவர் இலங்கைத் தமிழர். யாழ்ப்பாணத்துப் பேச்சு மூன்று தலைமுறை தாண்டியும் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"உங்கட கை சும்மா இருந்தால் நீங்கள் வாயால வேலை செய்யிறீங்கள்" என்றார். "கை வேலை செய்யட்டும். வாய் ஓயட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பொய் இல்லை. வாயால் வேலை செய்வதில் நான் கெட்டிக்காரன். மூன்று முறை வேலை போகாமல் காப்பாற்றியது என் வாய்தான். குடித்துவிட்டு மோட்டார் சைக்கிளைக் கால்வாயில் விட்ட அன்றுகூட, குறுக்கே உடும்பு ஓடியது என்று சொல்லி மனைவியையே நம்பவைத்திருக்கிறேன்.

பழைய ஆட்கள் புதிய ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம் ஒன்று அங்கே உண்டு. ஒத்தைக்கு ஒத்தையில் என்ன கதை சொன்னால் எடுபடும் என்பதுதான் அது. மண்டோர் மூன்றாவது தடவையாக வந்திருப்பவர், ஆகவே அவர்தான் வாத்தியார். அவரிடம் மூன்று கதைகள் கைவசம் இருந்தன. அப்பா செத்த கதை, தோட்டத்தை விற்றுச் சனத்தைத் துரத்திய கதை, காதலி கைவிட்ட கதை. காதலி கதை நமக்கு வயசு தாண்டிவிட்டது என்று அவரே தள்ளிவிட்டார். "தோட்டம் வித்த கதைய சொல்லுலா தம்பி. நடுவுல நிறுத்தி லேசா அழுதுடு. படிச்சவங்களுக்கு அது புடிக்கும்" என்றார்.

சொன்னேன். நன்றாகவே சொன்னேன். பால்மரத்தை வெட்டிச் சாய்த்தது, லயத்து வீட்டை மண்வாரி இடித்தது, அப்பா சாமி படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தது எல்லாம் வந்தது. உண்மையில் தோட்டத்தை விற்றபோது எனக்கு நாலு வயது. தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீட்டுக்குப் போனதில் எனக்குச் சந்தோஷம்தான், அங்கே குழாயைத் திருகினால் தண்ணீர் வந்தது. மிஸ் கடைசிவரை கேட்டார். தட்டில் இருந்த வால்களை ஒதுக்கினார்.

"இது உங்கட கதை இல்லை" என்றார். "பொய் எண்டாலும் பரவாயில்லை. உங்கட பொய்யா இருக்கோணும்."

எனக்கு வெட்கம் வரவில்லை, பயம்தான் வந்தது. இது என் கதை இல்லை என்று இவருக்கு எப்படித் தெரியும்? இன்னொருவன் இதே கதையைச் சொல்லியிருக்க வேண்டும். அவன் சொன்னதை மனதில் வைத்து என்னை அளக்கிறார் என்றால், நான் சொல்வதை மனதில் வைத்து வேறு யாரை அளப்பார்? யாரிடம் போய்ச் சொல்வார்?

அவருடைய தாத்தா மந்தினுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கிராணியாக இருந்தவர் என்பதை அவரே ஒருநாள் சாதாரணமாகச் சொன்னார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. கிராணி ஐயா சிரித்தால் பேர் வெட்டப் போகிறார் என்று அர்த்தம் என்பது என் அப்பா அடிக்கடி சொன்னது. கூடவே இன்னொன்றையும் கவனித்தேன். அறையில் மிஸ் எதையும் எழுத மாட்டார். ஒவ்வொரு ஆளும் போன பிறகு காருக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, மடியில் நோட்டை வைத்து எழுதுவார். பெரும்பாலும் பத்து நிமிடம். கொய்யா மரத்தடியில் பல் குத்துகிற பாவனையில் நின்று பார்த்திருக்கிறேன். அந்த நோட்டில் என்ன எழுதினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இத்தனை பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. என்னைக் கொண்டுவந்து விட்ட அன்று மனைவி ஒரே ஒரு பேச்சுதான் பேசினாள். மூன்று மாதம் முடிகிற அன்று வருவேன், உங்களைக் கூட்டிப் போவதா, உங்கள் துணிமணியைக் கொண்டுவந்து இங்கேயே போட்டுவிட்டுப் போவதா என்று அன்றைக்குச் சொல்வேன் என்றாள். அவளும் செனாவாங்கில்தான் ஷிப்டு வேலை பார்த்தாள். நான் இல்லாமலேயே வீடு ஓடும், அது எனக்கும் தெரியும் அவளுக்கும் தெரியும். மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. என்னோடு அவள் பேச்சு நின்று வெகுநாளாகியிருந்தது. வயசுக் கோளாறு, திமிர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த வீடு வேண்டும். அவர்கள் இருவரும் வேண்டும். இந்தக் கிராணி வீட்டுப் பேத்தி என் மனைவியிடம் என்ன சொல்லிவைப்பார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று நம்பினேன்.

ஐந்தாவது வாரம் மண்டோர் ஓடிப்போனார். காலையில் கட்டில் காலியாக இருந்தது. அவர் மனைவி பகாவிலிருந்து பஸ் பிடித்து வந்து மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நடந்து நடந்து பேசினீங்களே, எங்கே போவார் என்று உங்களுக்குத் தெரியாமலா இருக்கும், சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். தெரியாது என்று மிஸ் சொல்லவில்லை. அவர் என்னிடம் சொன்னதை நான் உங்களுக்குச் சொல்ல முடியாது என்றார். அந்த அம்மாள் மண்ணை வாரித் தூற்றினாள். மிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு கார் சாவியை எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது முன்சீட்டில் மண்டோர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். வாடை பத்தடிக்கு வந்தது. எங்கேயிருந்து கூட்டிவந்தார் என்று அவரும் சொல்லவில்லை, மண்டோரும் சொல்லவில்லை.

மற்றவர்கள் அவரைக் கொண்டாடினார்கள். நான் கல்நெஞ்சுக்காரி என்றேன். பெற்ற தாயைப் போல அழுகிறவளிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அதோடு, ஒவ்வொருவனும் எந்தப் பொந்துக்கு ஓடுவான் என்று தெரிந்து வைத்திருக்கிறவர் சாதாரண ஆள் இல்லை என்றும் தோன்றியது. இவரைச் சோதித்துப் பார்க்காமல் விடக் கூடாது என்று தீர்மானித்தேன்.

வேலையிடத்தில் சாமான் காணாமல் போகிறது, எடுப்பது யார் என்று தெரியவில்லை என்றால் ஜாகாக்காரன் ஒன்று செய்வான். ஒரு சாமானில் சின்ன அடையாளம் போட்டு, எடுக்க வசதியான இடத்தில் வைத்துவிட்டுக் காத்திருப்பான். அடையாளம் எவன் பையில் வருகிறதோ அவன்தான் திருடன். நானும் அதையே செய்தேன். யாரிடமும் சொல்லியிராத ஒரு பொய்யை மிஸ்ஸிடம் கொடுத்துவைப்பது. மாதக் கடைசி ஞாயிறு மனைவி பார்க்க வருவாள். அந்தப் பொய் அவள் வாயில் வந்தால் மிஸ் பிடிபட்டார்.

வெள்ளிக்கிழமை தவுகே கிள்ளிக்கொண்டே சொன்னேன். மகளுக்கு எட்டு வயதில் நடந்தது என்று ஆரம்பித்தேன். டியூசன் முடிந்து அவளை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு வந்தேன், வழியில் கடை, எதிரே பஸ் நிற்கிற இடம். அங்கே அவளை உட்காரவைத்து ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்றேன். குடித்தேன். பின்வாசல் வழியாக வந்து மோட்டாரை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன், பிள்ளை அங்கேயே இருந்தாள் என்று முடித்தேன். கேட்க நன்றாக இருந்தது. மண்டோரின் மூன்று கதைகளையும்விட நல்ல கதை.

மிஸ்ஸின் விரல்கள் நின்றுவிட்டன. அவர் கை நின்று நான் பார்த்தது அன்றுதான்.

"அண்டைக்கு மழையோ?" என்று கேட்டார்.

"ஆமா மிஸ். நல்ல மழ. பள்ளிக்கூடப் பைய தலைமேல வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தா."

சொல்லிவிட்டு என்னையே மெச்சிக்கொண்டேன். திடீரென்று கேட்டால்கூடத் தடுமாறாமல் எவ்வளவு நயமாகப் பொய் வருகிறது பார் என்று. மிஸ் தட்டை எடுத்துக் கீழே வைத்தார். இன்றைக்கு இது போதும் என்று எழுந்துகொண்டார். அன்று காருக்குள் அவர் இருந்தது பத்து நிமிடம் இல்லை, முக்கால் மணி நேரம். பெரிதாக ஏதோ எழுதுகிறார், மீன் தூண்டிலைக் கவ்விவிட்டது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி வந்தாள். எனக்குப் பிடித்த நெத்திலி சம்பலும் சோறும் கொண்டுவந்திருந்தாள். கூடத்தில் நீள மேசைகளில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். மகள் வரவில்லை. இரண்டு மாதமாக அப்பனைப் பார்க்க வராத பிள்ளை என்ன பிள்ளை, நீ கொடுக்கிற இடம்தான் என்று நான் ஆரம்பித்தேன். மனைவி சோற்றை என் பக்கம் தள்ளிவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"பஸ் ஸ்டாப்புல வுட்டுட்டு வந்தீங்களே, அன்னையிலேர்ந்து அவ உங்க மோட்டார்ல ஏறியிருக்காளா? யோசிச்சுப் பாருங்க."

நான் மேசையைத் தட்டிக்கொண்டு எழுந்தேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. சொன்னால் வெட்கம், சந்தோஷம்தான் வந்தது. பிடித்துவிட்டேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

"மிஸ் சொல்லிட்டாங்கள்ல?"

மனைவி என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "மிஸ் என்னாத்த சொல்லணும்? மழையில ஓடிப்போயி புள்ளைய கூட்டிட்டு வந்தது நாந்தான."

உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன். எல்லாம் சொன்னாள். ஏழு மணிக்கு அவள் ஷிப்டு முடிந்து வந்தபோது நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேனாம், பிள்ளையைக் காணவில்லையாம். வாசலில் நின்ற என் மோட்டாரையே எடுத்துக்கொண்டு தேடினாளாம். கார் கழுவும் இடத்தில் வேலை செய்கிற ஒரு பங்களாதேஷ்காரர் பிள்ளைக்குப் பக்கத்தில் குடையோடு நின்றாராம். பிள்ளை தலைமேல் பள்ளிக்கூடப் பையை வைத்துக்கொண்டு, அப்பா அஞ்சு நிமிசத்துல வருவாங்க என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். மறுநாள் காலை இதை அவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள். நான் காப்பிக் கோப்பையை விட்டெறிந்து, பொய் சொல்கிறாயா, என் பிள்ளையை நான் விட்டுவிட்டு வருவேனா என்று கத்தியிருக்கிறேன். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை சொல்லியிருக்கிறாள். அப்போதும் பொய் என்றிருக்கிறேன். அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அப்போதுதான் புரிந்தது. நான் எதையும் கற்பனை செய்யவில்லை. மனைவி சொன்னதைப் பொய் என்று முத்திரை குத்தி மண்டைக்குள் ஏதோ ஒரு மூலையில் போட்டுவைத்திருந்தேன். சோதனைக்கு ஒரு பொய் வேண்டும் என்று கையை விட்டபோது அதுதான் கையில் வந்தது. தலைமேல் பையை வைத்திருந்ததை வீட்டில் படுத்திருந்தவன் எப்படிப் பார்த்திருப்பான்? அது மனைவி சொன்னது. என் மகள் திமிர் பிடித்தவள் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். அந்த மேசையில் உட்கார்ந்து சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த அவமானத்தை எழுத இப்போதும் எனக்குக் கை கூசுகிறது.

செவ்வாய்க்கிழமை தட்டோடு உட்கார்ந்திருந்த மிஸ்ஸிடம் போய் நின்றுகொண்டே கேட்டேன். அவமானம் போய்க் கோபமாகியிருந்தது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஓம். உங்களைக் கொண்டு வந்து விட்ட அண்டைக்கே உங்கட மனிசி சொன்னவ."

இரண்டு மாதம் என்னை வால் கிள்ளவிட்டு, நான் அளந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு, எல்லாம் தெரிந்துகொண்டேவா உட்கார்ந்திருந்தீர்கள் என்று கத்தினேன். ரேடியோவையும் மீறிக் கேட்டிருக்கும். கிராணிப் புத்தி என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவர் முகம் மாறவில்லை.

"அவ எனக்குச் சொன்னதை நான் உங்களுக்குச் சொன்னால், நீங்கள் எனக்குச் சொல்லுறதை நான் ஆருக்குச் சொல்லுவன்?" என்றார். பிறகு, "இருங்கோ. இப்ப சொல்லுங்கோ. அண்டைக்கு என்ன நடந்தது?"

"எனக்கு ஞாபகம் இல்ல மிஸ்."

"அதைத்தான் சொல்லுங்கோ."

எனக்கு ஞாபகம் இல்லை என்று மறுபடி சொன்னேன். இன்னும் ஒரு முறை சொன்னேன். அந்த அறையில் நான் சொன்ன முதல் உண்மை அதுதான். என் பிள்ளை மழையில் உட்கார்ந்திருந்தது எனக்கு ஞாபகம் இல்லை. மண்டோர் சொல்லிக்கொடுத்த மாதிரி நடுவில் நிறுத்தி லேசாக அழவில்லை. மூக்கொழுக, மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். அவர் தொடவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. நான் நிமிர்ந்த போது பாதித் தட்டுக் கிள்ளி முடித்திருந்தார்.

அதோடு சந்தேகம் ஒழிந்தது என்று சொன்னால் அதுவும் பொய்தான். சந்தேகம் இடம் மாறியது. மனைவி முதல் நாளே இதைச் சொல்லியிருக்கிறாள் என்றால் வேறு என்னவெல்லாம் சொல்லியிருப்பாள்? எனக்கே தெரியாத என்னைப் பற்றி இந்தப் பெண்மணிக்கு எவ்வளவு தெரியும்? கேட்டேன். அவவைக் கேளுங்கோ என்று முடித்துவிட்டார். மீதி நாட்களில் அவர் எதிரே உட்காரும்போதெல்லாம், என் வீட்டுப் பின்கதவு சாவி இன்னொருவர் கையில் இருக்கிற மாதிரிதான் இருந்தது. ஆனாலும் ஒரு நாளும் போகாமல் இருக்கவில்லை.

மூன்று மாதம் முடிகிற அன்று மனைவி வந்தாள். துணிப்பை கொண்டுவந்திருக்கிறாளா என்று முதலில் அவள் கையைத்தான் பார்த்தேன். நீ சொன்னதெல்லாம் நடந்தது, எனக்கு ஞாபகம் இல்லை, ஆனால் நடந்தது என்றேன். அவள் குனிந்து என் பையைத் தூக்கிக்கொண்டாள். பிறகு, ஒரு தடவைதான், இன்னொரு தடவை கிடையாது என்று சொல்லிக் கூட்டிப்போனாள். மிஸ் வாசல்வரை வரவில்லை. பின்கட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, உள்ளே வேறொருவர் இருந்தார்.

மகளிடமும் சொன்னேன். சமையலறையில் நின்றபடி கேட்டாள். ம் என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள். அடுத்த மூன்று வருடமும் அவள் பஸ்ஸில்தான் பள்ளிக்குப் போனாள். வாசலில் மோட்டாரை உதைத்துவிட்டு நான் நிற்பேன், அவள் என்னைத் தாண்டி நடப்பாள். அதற்கு நான் தகுதியானவன்தான்.

போன தீபாவளிக்கு முன்னால் சிரம்பானில் ஒரு பேரங்காடிக்குப் போயிருந்தோம், நானும் மகளும். அவளுக்குப் பத்தொன்பது வயது, கல்லூரியில் படிக்கிறாள். கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்ததால் அன்று அவளே ஓட்டி வந்தாள். மாவு அடுக்கியிருந்த வரிசையில் நான் பலகாரச் சீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க, அவள் தள்ளுவண்டியைக் குறுக்கே நிறுத்தியிருந்தாள். எதிரே மிஸ் வந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது. எனக்கு மனசு துள்ளியது. கையைத் தூக்கினேன். அவர் என்னைப் பார்த்தார் என்று சத்தியம் செய்வேன். ஆனால் எனக்குப் பின்னால் இருந்த பிஸ்கட் டின்னைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு நடந்துபோய்விட்டார்.

முதலில் சுள்ளென்றது. என்ன இருந்தாலும் கிராணி வீட்டு ரத்தம், வெளியிடத்தில் நம்மைத் தெரியாது என்று நினைத்தேன். அடுத்த கணமே புத்தி வந்தது. என் பக்கத்தில் நிற்பது யார், அவளுக்கு என்னைப் பற்றி எது தெரியும் எது தெரியாது என்று அவர் யோசித்திருப்பார். நானாகச் சொல்லாத வரை என்னை அவருக்குத் தெரியாது. அவ்வளவுதான். சிரிப்பு வந்தது. இவரைத்தானே இத்தனை நாள் காட்டிக்கொடுக்கிறவர் என்று வேவு பார்த்தோம் என்று நினைத்து, மகளிடம் அதைச் சொல்லலாம் என்று திரும்பினேன்.

மகள் அலமாரியைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். வயதான பெண்கள் யார் எதிரே வந்தாலும் ஆன்ட்டி என்று ஒரு சிரிப்பாவது சிரிக்கிறவள். தள்ளுவண்டியை மட்டும் ஒரு கையால் ஒதுக்கி வழி விட்டிருந்தாள். மிஸ் வந்ததை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மிஸ்ஸும் வழி விட்ட பிள்ளைக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. முன்பின் அறியாத இருவர் அவ்வளவு கவனமாக ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க மாட்டார்கள். மிஸ் இல்லத்தை விட்டு வந்து தெமியாங்கில் ஓர் அறை எடுத்து ஆட்களைப் பார்க்கிறார் என்று மண்டோர் சொல்லியிருந்தார். மகள் ஒரு வருடமாக வியாழக்கிழமைகளில் தாமதமாக வருகிறாள். கல்லூரியில் குழு வேலை என்பாள்.

என் மகளும் அவரிடம் போகிறாள்.

சாமான்களை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் காருக்கு நடந்தேன். என்ன சொல்லியிருப்பாள்? என்னைப் பற்றித்தான், வேறு யாரைப் பற்றி? பஸ் நிற்கிற இடத்தைச் சொல்லியிருப்பாளா? அதைவிட மோசமான, எனக்குத் தெரியாத வேறு ஏதாவது இருக்கிறதா? கேட்க வாய் அரித்தது. நான் எப்படிக் கேட்டால் அவளால் மறைக்க முடியாது என்றுகூடத் தெரியும். அவள் ஓட்டும் இடத்தில் உட்கார்ந்து சாவியைப் போட்டாள். திருகவில்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நேரே பார்த்தாள்.

"அப்பா, எங்கிட்ட ஏதாச்சும் கேக்கணுமா?"

சந்தேகப்பட்டும் நான் கேட்காமல் விட்டது என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

"இல்லம்மா. வண்டிய எடு."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.  பிறகு காரை எடுத்துக்கொண்டே, பெல்ட்டைப் போடுங்கப்பா என்றாள்.